செயலாளர் திமிங்கிலத்தைக் கண்டார்

மானிப்பாய்த் துரைராஜா, அரசாங்க அதிபரின் அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து, பிரதம லிகிதராக உயர்ந்து, ஐம்பத்தேழாவது வயதில் பென்சன் எடுத்தவர். மெலிந்த ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், ஒன்று எழுத, மற்றது அது எழுதாமல் விட்டால் எழுத. வீட்டுப் பூனை ஒருமுறை காணாமல் போனபோது அயல்வீடுகளுக்குப் போய் "மேற்படி பூனையைக் கண்டனீங்களோ?" என்று விசாரித்தவர். மேற்படி என்றால் எது என்று ஒரு வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய பேச்சு அப்படித்தான் என்று ஊருக்குத் தெரியும்.

கல்யாணமும் அந்த முறையில்தான் நடந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த நவமணியோடு ஒருநாள் வாசலில் நின்று பத்து நிமிஷம் கதைத்தார். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு கடிதம் போனது. "கடந்த பதினான்காந் திகதி வைத்தியசாலை வாசலில் நாம் உரையாடிய விடயம் தொடர்பாக" என்று தொடங்கிய அந்தக் கடிதத்தை நவமணி மூன்று தடவை வாசித்து, இது பெண் கேட்கிற கடிதம்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மருந்துத் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் "சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தத் துண்டில் திகதி இல்லை என்பது துரைராஜாவுக்குக் கடைசிவரை ஒரு குறைதான்.

பெரிய விஷயங்கள் எல்லாம் அவரிடம் கடதாசியாகத்தான் வந்து சேர்ந்தன. கோயில் திருவிழாவுக்கு யானை கொண்டுவர அனுமதிப் பத்திரம் எழுதியிருக்கிறார். அந்த யானை கச்சேரி வாசலில் வந்து நின்று, ஆட்கள் எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் பின்கட்டில் அதற்குரிய கடதாசிக் கோவையைத் தேடிக்கொண்டிருந்தார். காங்கேசன்துறையில் தரைதட்டிய ஒரு கப்பலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினார். கப்பலை அவர் கண்ணால் காணவில்லை. இது அவருடைய மனதில் இருந்தது. ஆனால் வெளியில் சொன்னதில்லை.

பென்சன் எடுத்த பிறகு மானிப்பாய் மேற்கு ஓய்வூதியர் நலன்புரிச் சங்கத்துக்குச் செயலாளரானார். சங்கத்தில் ஒழுங்காக வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். தலைவர் இராசசிங்கம், முன்னாள் புகையிரத நிலைய அதிபர். எல்லாருக்கும் அவர் ஸ்ரேசன் மாஸ்ரர்தான். நேரம் தவறினால் அவருக்கு மூச்சு முட்டும். மார்க்கண்டு என்று ஒரு ஓய்வுபெற்ற நில அளவையாளர், எந்தத் தீர்மானத்துக்கும் ஒரு திருத்தம் வைத்திருப்பார். உடுவிலில் இருந்து பொன்மலர் ரீச்சர் வருவார். முப்பது வருஷம் உயிரியல் படிப்பித்தவர். நவமணியும் உறுப்பினர். மற்ற ஏழு பேரும் கை உயர்த்துவதற்கு வருகிறவர்கள்.

1983ஆம் ஆண்டு ஜனவரியில், தைப்பொங்கல் முடிந்த நாலாம் நாள், மீன்காரக் கந்தப்பு படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு நவமணியிடம் ஒரு செய்தி சொன்னான்.

"அம்மா, மயிலிட்டிக்கு நேரை கடலிலை மூண்டு நாளாய் ஒரு திமிங்கிலம் நிக்குது. காலமை பத்து மணியளவிலை மேலை வருகுது. நானே கண்டனான்."

"நீ போன கிழமை பாரையைக் காட்டி விளைமீன் எண்டு தந்தனி" என்றாள் நவமணி.

"அது தெரியாமல் நடந்தது. இது தெரிஞ்சு சொல்லுறன்."

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த துரைராஜா பாதிக் கன்னத்தில் நுரையோடு வெளியே வந்தார். "பத்து மணியெண்டு திட்டமாய்த் தெரியுமோ?"

"ஓம் ஐயா. பத்து, பத்தேகால்."

அன்று பின்னேரம் சங்கக் கூட்டம். வருடாந்தச் சுற்றுலா சனிக்கிழமை போவதென்று முன்னரே முடிவாகியிருந்தது. மினிபஸ்ஸில் கீரிமலை, தொண்டைமானாறு, பருத்தித்துறை வெளிச்சவீடு. துரைராஜா எழுந்து நின்று, இடையில் மயிலிட்டியையும் சேர்த்து ஒரு திமிங்கிலத்தைப் பார்வையிடலாம் என்று முன்மொழிந்தார். செயலாளர் ஒன்றை முன்மொழிவது அதுதான் முதல் தடவை.

"எத்தினை மணிக்கு வரும்?" என்று கேட்டார் ஸ்ரேசன் மாஸ்ரர்.

"பத்து மணிக்கு."

"வந்தால் எவ்வளவு நேரம் நிக்கும்?"

அதைக் கந்தப்புவிடம் துரைராஜா கேட்டிருக்கவில்லை. தலைவர் தன் அனுபவத்தை வைத்து நாற்பத்தைந்து நிமிஷம் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். பொன்மலர் ரீச்சர் எழுந்து, திமிங்கிலம் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி என்பதைக் குறிப்பில் எழுதவேண்டும் என்றார். எழுதப்பட்டது. நிகழ்ச்சி நிரல் தட்டச்சில் வந்தபோது அதில் இப்படி இருந்தது: மு.ப. 8.30 கீரிமலை. 10.00 திமிங்கிலம். 10.45 தேநீர்.

சனிக்கிழமை விடிந்ததே மழையோடு. மினிபஸ் சாரதி செல்வரட்ணம் ஒரு பயந்த மனுஷன். வானத்தைப் பார்த்தான், பிறகு குடைகளோடு நின்ற பதினொரு முதியவர்களைப் பார்த்தான். "ஐயாமார், வேறை நாளைக்குப் போவமே?" என்றான்.

"நிரல் தட்டச்சாகியாச்சு" என்றார் துரைராஜா.

உடுவிலில் ரீச்சரை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் தாண்டிப் போகும்போது மழை பலத்தது. மினிபஸ்ஸின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. மார்க்கண்டு தன்னுடைய இருக்கைக்கு மேலே ஒழுகுவது தலைவரின் இருக்கைக்கு மேலே ஒழுகுவதைவிடக் கூட என்று முறையிட்டு, தெல்லிப்பழையில் இருவரும் இடம் மாறினார்கள். மாவிட்டபுரத்துக்குக் கிட்ட, முதல் இடம்தான் குறைவாக ஒழுகியது என்று திரும்பவும் மாறினார்கள். கீரிமலையில் கேணித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டபடியால், இறங்காமலே பார்த்துவிட்டதாக நிரலில் அடையாளம் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

மயிலிட்டித் துறைமுகத்தில் கந்தப்பு சொல்லி வைத்திருந்த சிமியோன் காத்து நின்றான். நாற்பது வயது, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மூன்றரைத் தொன் வள்ளம் வைத்து மீன் பிடிப்பவன். அவனுடைய மச்சான் ஏற்கெனவே எஞ்சினடியில் குந்தியிருந்தான். சிமியோன் பஸ்ஸுக்குள் இருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினான்.

"காத்து ஓய்ஞ்சு கிடக்குது, போகலாம்" என்றான். "நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை. அந்தக் கேள்வி நிரலில் இல்லை என்று மார்க்கண்டு மட்டும் சொன்னார்.

"அப்ப எழும்பி நிக்கவேண்டாம்" என்றான் சிமியோன். "குடையளையும் மடக்குங்கோ. பன்னிரண்டு குடை விரிஞ்சால் இது வள்ளமில்லை, பாய்க்கப்பல்."

பதினொரு குடைகள் மடங்கின. மார்க்கண்டு, தனக்கு நெஞ்சுச்சளி இருப்பதாகவும் குடையை மடக்குவதானால் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றும் சொல்லி, விரித்த குடையோடு ஏறினார். வள்ளம் துறைமுக அணைக்கட்டைத் தாண்டி அரை மைல் போகவில்லை, கடலில் இருந்து ஒரு காற்று எழும்பி அடித்தது. குடை அவருடைய கையைவிட்டுக் கிளம்பி, இரண்டு தரம் கரணம் போட்டு, கரைப்பக்கமாகப் பறந்து மழைக்குள் மறைந்தது. மார்க்கண்டு வெறும் கையைப் பார்த்தபடி இருந்தார். நவமணி தன்னுடைய துவாயை அவருடைய தலையில் போட்டுவிட்டாள்.

பத்து மணிக்குச் சிமியோன் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது. நாலு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஏலாது. எல்லாரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். ஸ்ரேசன் மாஸ்ரர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பத்து அஞ்சு" என்றார். பிறகு, "பத்து பத்து." பிறகு, "பிந்துது."

பத்தரைக்கு அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்கள் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள், உறுப்பினர் பன்னிரண்டு பேரும் ஒருவர் தவறாமல் சமுகமளித்திருக்கிறார்கள், போன கூட்டத்தில் முடியாமல் விட்ட விடயம் ஒன்று பாக்கி இருக்கிறது. "திமிங்கிலம் வருமட்டும் கூட்டத்தை நடத்துவம்" என்றார்.

பாக்கியிருந்த விடயம் வாங்கு, நாலு பேர் குந்துகிற நீட்டு ஆசனம். தபாற்கந்தோருக்கு முன்னால் சங்கம் ஒரு மர வாங்கு போடுவதென்று முடிவாகி ஐந்து மாதம். அது வீதியைப் பார்த்திருப்பதா, தபாற்கந்தோரைப் பார்த்திருப்பதா என்பதுதான் பிரச்சினை. வீதியைப் பார்த்தால் புழுதி, கந்தோரைப் பார்த்தால் தபால் அதிபருக்குக் கூச்சம். துரைராஜா மழைக்கோட்டுக்குள் இருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து முழங்காலில் வைத்து, நவமணி விரித்துப் பிடித்த பொலித்தீன் கடதாசிக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.

வள்ளத்தின் முன்னணியத்தில் நின்ற சிமியோன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். "கொஞ்சம் கதையாமல் இருங்கோ" என்றான். அது ஒருவருக்கும் கேட்கவில்லை. மார்க்கண்டு துவாயோடு நிமிர்ந்து, தன்னுடைய திருத்தத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"வாங்கு வீதியையும் பாக்கவேண்டாம், கந்தோரையும் பாக்கவேண்டாம். வீதி விளிம்பிலை இருந்து அறுபது பாகை வடகிழக்காய்த் திருப்பி வைப்பம். அப்ப ஆலமரம் தெரியும். எழுதுங்கோ, செயலாளர். அறுபது பாகை."

துரைராஜா எழுதினார். 'வீதியின் விளிம்பிலிருந்து அறுபது' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியில் கருவிகள் அவிக்கிற பெரிய பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதுபோல ஒரு சத்தம் கிட்டக் கேட்டது. அதற்குப் பின்னால் பொலித்தீன் விலகி, அவருடைய தலையிலும் தோளிலும் புத்தகத்திலும் மழை விழுந்தது. இந்த மழை சூடாக இருக்கிறதே என்று அவர் நினைத்தார். அழுகின மீனும் கோவா இலையும் கலந்த மாதிரி ஒரு நாற்றமும் வந்தது. யாரோ தேத்தண்ணிப் போத்தலைத் தட்டி ஊற்றிவிட்டார்கள், சாப்பாட்டுப் பார்சலும் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, கைலேஞ்சியால் பக்கத்தை ஒற்றி எடுத்துவிட்டு, 'பாகை' என்ற சொல்லை மை பரவாத இடத்தில் எழுதி முடித்தார்.

முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. பதினொரு பேரும் எழும்பி இடப்பக்க விளிம்பில் நின்றார்கள். வள்ளம் அந்தப் பக்கம் சரிந்தது. "இருங்கோ, இருங்கோ, எல்லாரையும் கவிழ்க்கப் போறியள்" என்று சிமியோன் கத்தினான். பொன்மலர் ரீச்சர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். துரைராஜாவின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அதைக் கழற்றி, நனையாத துணி தேடி, உள்பெனியனில் துடைத்துப் போட்டுக்கொண்டு முதுகுகளுக்கு இடையில் தலையை விட்டார்.

கடலில் வட்டமாக ஒரு இடம் மட்டும், அயன் பண்ணின சீலைபோல, அலையில்லாமல் இருந்தது. அதன் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"எங்கை?" என்று கேட்டார்.

"போயிட்டுது" என்றாள் நவமணி.

இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். அது திரும்ப வரவில்லை. துரைராஜா இந்த முறை புத்தகத்தைத் திறக்கவேயில்லை. தலைவர் வாங்கை மறுபடி எடுக்கப் பார்த்தபோது, "பிறகு பாப்பம், ஐயா" என்றார். அவருடைய வாயில் இருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன் வந்ததில்லை.

இதற்கிடையில் கரையில் வேறொரு கதை நடந்திருந்தது. பஸ்ஸுக்குள் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வரட்ணம், ஆளில்லாத ஒரு குடை கடலுக்குள் இருந்து பறந்து வந்து அணைக்கட்டுக் கல்லில் மோதி நிற்பதைக் கண்டான். அது மார்க்கண்டரின் குடை என்று பிடியில் தெரிந்தது. பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடி அழுதான். கோயில் மணி அடித்தது. வள்ளம் திரும்பி வரும்போது துறைமுகத்தில் முந்நூறு பேர் மழைக்குள் நின்றார்கள். பெண்கள் சிலர் ஒப்பாரியே தொடங்கியிருந்தார்கள்.

ஸ்ரேசன் மாஸ்ரர் அந்தக் கூட்டத்தைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கரையில் ஏறியவுடன், தங்களை வரவேற்க இவ்வளவு திரளாக வந்த மயிலிட்டி மக்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்லி ஐந்து நிமிஷம் பேசினார். மயிலிட்டிச் சனம் என்ன ஏது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றது. செல்வரட்ணம் எல்லாருடைய கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மார்க்கண்டு குடையை வாங்கி, ஒரு கம்பி வளைந்திருப்பதைக் காட்டி அவனிடம் விளக்கம் கேட்டார்.

பருத்தித்துறைக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸுக்குள் அந்த நாற்றமும் திமிங்கிலக் கதையும்தான். ஒருவர் கறுப்பு என்றார், ஒருவர் சாம்பல் என்றார். வெளிச்சவீட்டடியில் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது அதன் நீளம் அறுபது அடியைத் தாண்டியிருந்தது. துரைராஜா கத்தரிக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். நவமணி அதைக் கண்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டது. வாங்கின் அறுபது பாகை வரை எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு துரைராஜா வாசித்தார்: "மு.ப. 10.52 அளவில் திமிங்கிலம் ஒன்று தோன்றியதாக உறுப்பினர் பதினொருவர் தெரிவித்தனர்."

"தெரிவித்தனரோ?" என்று மார்க்கண்டு எழுந்தார். "உதென்ன, நாங்கள் பொய் சொன்ன மாதிரியெல்லே கிடக்குது. 'தோன்றியது' எண்டு போடுங்கோ."

"நான் காணேல்லை" என்றார் துரைராஜா. "கைக்கு வராத கடிதத்துக்குக் கிடைத்தது எண்டு நான் ஒருநாளும் எழுதினதில்லை. அந்த நேரம் உங்கடை திருத்தத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தனான்."

"அப்ப என்ரை பிழையோ?"

"பிழையெண்டு சொல்லேல்லை. நேரத்தைச் சொல்லுறன்."

முக்கால் மணித்தியாலம் இழுபட்டது. செயலாளர் காணவில்லை என்று குறிப்பில் இருந்தால் பிற்காலத்தில் வாசிக்கிறவர்கள் சங்கத்தின் கட்டுக்கோப்பைச் சந்தேகிப்பார்கள் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். பொன்மலர் ரீச்சர், திமிங்கிலத்தின் மூச்சுத் தண்ணீர் செயலாளர்மேல் விழுந்தபடியால் உயிரியல் ரீதியாகச் சந்திப்பு நடந்துவிட்டது என்றார். கடைசியில் மார்க்கண்டு ஒரு பிரேரணை கொண்டுவந்தார்: 'செயலாளரும் திமிங்கிலத்தைக் கண்டார் என இச்சபை தீர்மானிக்கிறது.'

கை உயர்த்தச் சொன்னார்கள். பதினொரு கை. அதில் ஒன்று நவமணியுடையது.

தீர்மானத்தை எழுதுவது செயலாளரின் கடமை. துரைராஜா எழுதினார். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் வீதி மதவுகளை நாலு வரை எண்ணினார். பிறகு, "நீரும் கையை உயர்த்தினீர்" என்றார்.

"என்ன செய்யச் சொல்லுறியள்" என்றாள் நவமணி. "இருட்டப் பாத்துது. அரிசி ஊறப்போட்டுட்டு வந்தனான்."

இந்தத் தீர்மானத்தால் ஒரு வினை வந்தது. திமிங்கிலத்தைக் கண்டதற்குக் கையெழுத்தோடு சான்று உள்ள ஒரே ஆள் துரைராஜாதான் என்ற பேச்சு பரவி, ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பேச அழைத்தார்கள். மறுத்துப் பார்த்தார், விடவில்லை. மேடையில் ஏறி, கூட்டக்குறிப்பை வாங்கு உட்பட முழுவதும் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். ஒரு பெண்பிள்ளை எழும்பி, "ஐயா, அது என்ன நிறம்?" என்று கேட்டது.

துரைராஜா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "நிறத்தைப் பற்றிக் குறிப்பில் ஒண்டும் இல்லை, பிள்ளை" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்.

அந்த வருஷ ஆடிக் கலவரத்தோடு நாடு வேறாகிவிட்டது. மயிலிட்டியார் கடலுக்குப் போக முடியாத நாட்களே கூடின. பஸ் இல்லை, பிறகு எண்ணெய் இல்லை, பிறகு ஊரடங்கு. அறுபது பாகையில் போடப்பட்ட வாங்கு எண்பத்தேழில் ஒரு காவலரணுக்குள் போய்ச் சேர்ந்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் மகனோடு கனடா போனார். வேறு மூன்று பேர் இறந்துபோனார்கள். துரைராஜா கை நடுக்கத்தால் செயலாளர் பதவியை மார்க்கண்டரிடம் கொடுத்தார். கூட்டம் மட்டும் மாதாமாதம் நடந்தது. குண்டுச் சத்தம் கிட்டக் கேட்டால் 'சபை பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் சண்டை ஓய்ந்திருந்தது. சிமியோன் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவன், விசாரித்துத் துரைராஜா வீட்டுக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. பெரிய வள்ளம் போய், இப்போது பிளாஸ்டிக் வள்ளமும் வெளியே பூட்டுகிற எஞ்சினும் வைத்திருந்தான்.

"ஐயா, உங்களை எனக்கு ஞாபகம்" என்றான். "நீங்கள்தானே அண்டைக்குத் திரும்பிப் பாக்காமல் எழுதிக்கொண்டிருந்தனீங்கள். எனக்கு எத்தினை நாள் நித்திரை வரேல்லை தெரியுமோ. இந்த மனுசன் என்னத்தை எழுதுது எண்டு."

"வாங்கு" என்றார் துரைராஜா.

"நாளைக்கு வாருங்கோ. ரெண்டு நாளாய் ஒண்டு ஓடித்திரியுது. அதுவோ, அதின்ரை பிள்ளையோ தெரியாது."

அறுபத்தெட்டு வயதில் துரைராஜா இரண்டு பஸ் மாறி மயிலிட்டிக்குப் போனார். பேனா இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல வெயில். பத்து மணி கழிந்து பதினொன்றும் கழிந்தது. சிமியோன் பாணும் மீன் குழம்பும் கொடுத்தான். கையில் பாண் துண்டோடு இருக்கும்போது, வள்ளத்துக்கு இருபது முழத் தூரத்தில் கடல் மேடாகி, அது வந்தது.

கரிய சாம்பல் நிறம். தோலில் வெள்ளைக் கீறல்கள். மூச்சு விட்டுவிட்டு அது உடனே போகவில்லை. பக்கவாட்டில் சரிந்து, தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கண் தெரிந்தது. மாட்டின் கண்ணைவிடப் பெரிதில்லை. துரைராஜா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழும்பி நின்றார். அரசாங்க அதிபர் அறைக்குள் வந்தால் அப்படித்தான் எழும்பி நிற்பது.

"ஐயா, இருங்கோ" என்றான் சிமியோன் மெதுவாக. "கவிழும்."

அவர் இருக்கவில்லை. அது போகும்வரை நின்றார். போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த கூட்டத்தில், தாம் திமிங்கிலம் ஒன்றைக் கண்டதாகப் பதிவு செய்யவேண்டும் என்று கேட்டார். மார்க்கண்டு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"நீங்கள் எண்பத்துமூண்டிலேயே கண்டிட்டியள். தீர்மானம் இருக்குது. உங்கடை கையெழுத்து."

"இதுதான் முதல் தரம், மார்க்கண்டர். உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். ஆனால் இப்ப முதல் தரம் எண்டு எழுதினால் முந்தினது பொய்யாகும். சபை பொய் சொன்னதெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

துரைராஜா யோசித்தார். முப்பத்துநான்கு வருஷக் கச்சேரி அனுபவம் மார்க்கண்டரின் பக்கம்தான் நின்றது. "நீங்கள் சொல்லுறது சரி" என்றார். ஆகவே, 'திரு. துரைராஜா அவர்கள் இரண்டாவது தடவையாகத் திமிங்கிலத்தைக் கண்டமைக்குச் சபை பாராட்டுத் தெரிவிக்கின்றது' என்று எழுதப்பட்டது. சங்கத்தில் இரண்டு திமிங்கிலம் கண்டவர் அவர் ஒருவர்தான்.

நவமணிக்கு அவர் அதை மூன்று நாள் சொன்னார், கீறல்கள், நிறம், பாண் துண்டு எல்லாவற்றையும். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "கண்ணைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"எனக்கு முதுகு மட்டும்தான்" என்றாள். அடுத்த நாள் காலமை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சிமியோனுக்கு ஒரு கடிதம் போடுங்கோ. நானும் வாறன்" என்றாள். துரைராஜா கடிதம் எழுதினார். ஆனி நடுப்பகுதி நல்லதென்று பதில் வந்தது.

ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கி, மயிலிட்டிச் சனம் முழுவதும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. ஒருநாள் மத்தியானம் சிமியோன் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள், வள்ளத்தின் எஞ்சின் எல்லாவற்றோடும் படலையில் வந்து நின்றான். பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். எஞ்சினுக்கு வேறு இடம் இல்லாதபடியால் அது விறாந்தையில் நின்றது. சங்க அலுவலாக வந்த மார்க்கண்டு கதிரையென்று நினைத்து அதில் குந்தி வேட்டியில் எண்ணெய் பூசிக்கொண்டார்.

நவமணி சிமியோனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வள்ளம் எங்கை?" என்று கேட்டாள்.

"கரையிலை ஏத்திப் பனையோடை கட்டிப்போட்டு வந்தனான், அம்மா."

"வலுவாய்க் கட்டினீரோ?"

"ஓம், அம்மா. ரெண்டு கயிறு."

"சரி" என்றாள் நவமணி. "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாரும்."